அண்ணன் குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

மார்ச் 4

நேற்று சாயங்காலம் அண்ணன், "இனிமேல் ஒரு சொட்டு கிடையாது" என்றார். இது ஐந்தாவது முறை. அண்ணி பாட்டில்களை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அவருக்குக் கை நடுங்கி டம்ளர் நழுவியது. சட்டை நனைய வேர்த்தது. "கெட்டதெல்லாம் வெளியேறுகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

மார்ச் 5

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றிரவு பதினொரு மணிக்கு அண்ணனுக்கு வலிப்பு வந்தது. எங்கள் ஊரில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். ஓடினேன். நர்ஸ் அக்கா போனை எடுத்துவிட்டார். "ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று மணியைப் பார். நின்றாலும் நிற்காவிட்டாலும் உடனே கிளம்பு." நான் திரும்பி வந்தபோது வலிப்பு நின்றிருந்தது. பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றினோம். மூன்று மணி நேரப் பயணம். வழி முழுக்க அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். மது மூளையை அமுக்கிவைக்கிறது. வருடக்கணக்கில் தினமும் குடித்தால் மூளையும் அந்த அமுக்கத்தை எதிர்த்து வேகமாக ஓடப் பழகிவிடுகிறது. அமுக்கும் கை திடீரென்று விலகினால் அந்த வேகத்துக்குத் தடையே இல்லை. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். "இரண்டு, மூன்று நாளில் புத்தி தடுமாறும் நிலை வரலாம். அதுதான் உயிருக்கே ஆபத்து" என்றார்.

இதற்கு முன்பு நான்கு முறை திடீரென்று நிறுத்தியிருக்கிறார் என்றேன். அப்படி நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த முறையைக் கடுமையாக்கலாம் என்றார். சத்தியம் செய்யச் சொல்லி ஒவ்வொரு தடவையும் வற்புறுத்தியது நாங்கள்தான்.

மார்ச் 6, இரவு

மூன்றாம் நாள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையை உதறிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டார். அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. "அண்ணா, நான்தான்" என்று எத்தனை முறை சொல்லியும் புரியவில்லை. கடைசியில் "சரி, இங்கேதான் இருக்கேன்" என்றேன். கொஞ்சம் அடங்கினார்.

டயஸிபாம் என்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கிறார்கள். நரம்பு வழியாகத் தயமின், அதாவது பி1 வைட்டமின், ஏறுகிறது. அதிகம் குடிப்பவர்கள் உடம்பில் இது தீர்ந்துபோய்விடுமாம். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடலாம் என்று நர்ஸ் சொன்னார்.

மார்ச் 8

தூங்குகிறார். அண்ணியும் தரையில் தூங்குகிறார்.

மார்ச் 13

வீடு வந்தாயிற்று. விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் "மனக்கட்டுப்பாடு வேண்டும்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. போன வாரம் அண்ணனிடம் மனக்கட்டுப்பாடு இருந்தது. அருகில் டாக்டர் இல்லை. நகரத்தில் இதே ஆள் இதே முடிவை எடுத்திருந்தால், பேருந்து ஏறிப்போய் ஒரு வாரத்துக்கு மாத்திரை வாங்கி, அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியிருப்பார்.

வெட்கமும் ஒரு தூரம்தான். சின்ன ஊரில் மருத்துவ நிலையத்தின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் பெயர் எழுதுகிறவர் உறவுக்காரராக இருப்பார். வேலை முடிந்தால் நாலு பேர் கூடும் இடம் எதுவோ, அங்கேதான் குடியும் இருக்கும். குடிக்காமல் இருப்பதென்றால் அந்த நாலு பேரும் இல்லாமல் இருப்பது. அண்ணன் நேற்று, "சாயங்காலம் எங்கே போறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 19

நர்ஸ் அக்கா உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகளைக் கேட்டார். மொத்தம் 40 மதிப்பெண். எட்டு வந்தாலே கவனிக்க வேண்டுமாம். அண்ணனுக்கு 29. யாரும் திட்டாமல், எண்ணைச் சொல்லிப் பேசியது அவருக்குப் பிடித்திருந்தது. "இது வியாதிதானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு நால்ட்ரெக்ஸோன் எழுதியிருக்கிறார்கள். குடிக்கும் ஆசையைத் தணிக்கும் மாத்திரை. வாரம் ஒரு முறை போனில் ஆலோசகர் பேசுவார்.

மார்ச் 26

ஊர்க்கூட்டம். மது விற்பனையை உடனே நிறுத்த வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் 2007இல் அந்த ஊர்ப் பெண்கள்தான் முன்னின்று, வீட்டுக்கு வாங்கிப்போகும் மதுவில் 2.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை விற்கக் கூடாது என்ற தடையைக் கொண்டுவரச் செய்தார்கள். வன்முறை குறைந்தது. அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதும் குறைந்தது. ஆனால் சிலர் மதுவைத் தேடி வேறு ஊர்களுக்குப் போனார்கள்.

எழுந்து ஒன்றை மட்டும் கேட்டேன். நாளைக்கே நிறுத்தினால், தினமும் குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மூன்றாம் நாள் வரும். வண்டி ஒன்றுதான். முதலில் மாத்திரையும் இரண்டு படுக்கையும் வாரத்துக்கு ஒரு டாக்டரும் கேட்போம், அதோடு சேர்த்து விற்பனையை நிறுத்தச் சொல்வோம் என்றேன். அண்ணி எழுந்து நின்று, அந்த இரவில் நடந்ததை முழுதாகச் சொன்னார். முதல் முறையாக வெளியாட்கள் முன்னால். பிறகு மூன்று வீட்டுப் பெண்கள் எங்களிடம் வந்து மெதுவான குரலில் நர்ஸ் அக்காவின் எண்ணைக் கேட்டார்கள்.

ஏப்ரல் 3

நேற்றிரவு அண்ணன் குடித்துவிட்டார். காலையில் யாரும் கேட்பதற்கு முன்பே அவராகவே சொன்னார். அண்ணி அழுதார். ஆனால் சத்தியம் கேட்கவில்லை. நர்ஸ் அக்கா, இன்றே வந்து பார்க்கிறேன், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்.

சாயங்காலம் அண்ணனும் நானும் மேட்டுக்கு ஏறினோம். சிக்னல் கிடைத்ததும் ஆலோசகருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். முதலில் "ம்" மட்டும் சொன்னார். அப்புறம் பேச ஆரம்பித்தார். அம்மாவைப் பற்றி ஏதோ சொல்வது காதில் விழுந்தது. நான் எழுந்து இன்னும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.