ஒரு மணி நேரம் தனியே காத்திருந்த மாணவி

மென்திறன் என்ற பெயரில் மேலாண்மை மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்புகளில், நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது, எப்படிக் கைகுலுக்குவது என்பவையே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆனால், நேரில் பார்த்திராதவர்களோடு சேர்ந்து ஒரு வேலையைக் கெடுவுக்குள் முடிக்க அவை கற்றுத் தருவதில்லை என்பதை, என் மாணவர்கள் எக்ஸ்-கல்ச்சர் திட்டத்தில் பங்கேற்றபோது கண்டேன்.

அமெரிக்காவில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் வாஸ் தாரஸ் 2010இல் தொடங்கிய திட்டம் இது. வெவ்வேறு நாட்டு மாணவர்கள் சிறு குழுவாகி, ஒரு நிறுவனத்தின் தொழில் சிக்கலுக்கு இணையவழியாகவே கலந்துபேசித் தீர்வறிக்கை எழுதுகிறார்கள்.

என் மாணவி ஒருத்தியின் குழு, ஜெர்மனியில் மாலை 4 மணி, நமக்கு இரவு 7.30 மணி என்று கூட்ட நேரத்தை முடிவு செய்திருந்தது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்புவார்கள் என்பது, அந்த வழக்கமே இல்லாத நாட்டில் வளர்ந்த அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. குழுவினர் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. அவள் 7.30 மணிக்கே இணைந்து ஒரு மணி நேரம் தனியே காத்திருந்துவிட்டு, தன்னை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணி வெளியேறினாள், மற்றவர்களோ, மாற்றிய கடிகாரப்படி ஜெர்மனியில் மாலை 4 மணியாகும் நம் இரவு 8.30 மணிக்கு அவளைக் காணாமல், பொறுப்பற்றவள் என்று முடிவு கட்டினார்கள்.

மறுநாள் கலங்கிய கண்களோடு வந்தவளிடம், குழுவுக்கு நான் எழுதப் போவதில்லை என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. மூன்று முறை எழுதி அழித்தபின் அவள் அனுப்பிய மடலில் குற்றச்சாட்டும் இல்லை, தேவைக்கு மீறிய மன்னிப்பும் இல்லை. நடந்தது என்ன, இனி கூட்ட நேரத்தை எப்படிக் குறிக்கலாம் என்பது மட்டுமே இருந்தது. ஒவ்வொருவரின் ஊர் நேரத்தையும் காட்டும் அட்டவணையையும் இணைத்திருந்தாள். பாடநூலில் இருக்கும் மாதிரி மடல் எதுவும் அதற்கு ஈடாகாது.

இத்திட்டத்தில் குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். நம் மாணவர்கள் நட்புக்காக எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். வேலை செய்யாதவரிடம் அதை நாகரிகமாகச் சொல்வதற்கு அவர்களுக்குப் பயிற்சியே இல்லை. ஆகவே, அடுத்த பருவத்தில் கைகுலுக்கல் வகுப்புகளில் இரண்டை இதற்கு ஒதுக்கித் தருமாறு துறையில் கேட்டிருக்கிறேன்.