மேளம் பேசும் வேலை

கல்யாண ஏற்பாட்டு நிறுவனங்களில் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. ஒருவர் சமையலைப் பார்ப்பார், ஒருவர் மேடை அலங்காரத்தை, ஒருவர் புகைப்படக்காரர்களை. திருச்சியில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் என் தலையில் விழுந்தது கலைஞர்கள். வரவேற்புக்கு இன்னிசைக் குழு, குழந்தைகளுக்கு மாயாஜாலம் செய்பவர், அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டிமன்றப் பேச்சாளர் என்று எல்லாவற்றையும் பேசி முடித்திருக்கிறேன். அவற்றில் கடினமானது நாதஸ்வரமும் தவிலும்தான். கல்யாண வீட்டார் அதைத்தான் எளிதென்று நினைக்கிறார்கள்.

"மேளம் ஏதாவது ஒன்று போடுங்கள் அம்மா, சத்தம் கேட்டால் போதும்" என்பார்கள். அதே மனிதர் மேடையின் பின்புறத்தில் எந்த நிற ஆர்க்கிட் பூ வர வேண்டும் என்று அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் மேளத்துக்கு வந்திருப்பார். முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலை பாக்குடன் வித்வான் வீட்டுக்கே போய் அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார். இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வீடியோ வருகிறது. அதைப் பார்த்துவிட்டு "இவரையே சொல்லிவிடுங்கள்" என்கிறார்கள்.

அந்த வீடியோக்களை நான் நம்புவதில்லை. அவற்றில் பொய் இருக்கிறது என்பதற்காக அல்ல. இரண்டு நிமிடம் யாரும் நன்றாக வாசிக்கலாம். எல்லா வீடியோவிலும் சினிமாப் பாட்டு ஒன்று, முடிவில் தவிலில் தீர்மானம் என்கிற வேகமான முத்தாய்ப்பு, கைதட்டல். ஒரு கல்யாணம் முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை போகிறது. கைதட்ட ஆளில்லாத நேரம்தான் அதில் அதிகம். விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது, கேட்பதற்கு நான்கு பேர்கூட இல்லாதபோது, ஒருவர் எப்படி வாசிக்கிறார் என்பது வீடியோவில் வராது.

அதனால் முடிந்தவரை நேரில் கேட்பது என்று வைத்திருக்கிறேன். மற்றவர் வீட்டுக் கல்யாணத்தில் கேட்கலாம். அதைவிட நல்லது கோவில் திருவிழா. தஞ்சைப் பக்கத்து ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசிப்பார்கள், கம்பீர நாட்டை ராகத்தில். அது மேளக்காரர்களின் சொந்தச் சொத்து. அங்கே சினிமா மெட்டின் தயவு கிடையாது. முதல் நாதஸ்வரமும் இரண்டாம் நாதஸ்வரமும் சேர்கின்றனவா, தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு நேரத்தில் தெருவோரம் தனியாக நிற்கும் பெண்ணை ஊரார் சற்று விநோதமாகத்தான் பார்ப்பார்கள். வந்த காரியத்தைச் சொன்னால் நாற்காலி போட்டு, பிரசாதமும் கொடுத்து, இந்த ஊர் மேளத்தைவிடப் பக்கத்து ஊர் மேளம் ஏன் மட்டம் என்று விளக்கமும் சொல்வார்கள்.

விசிட்டிங் கார்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. இயல் இசை நாடக மன்றம் வழங்கும் கலைமாமணி ஒரு பக்கம் இருக்க, ஊர்ச் சங்கங்களும் கோவில் விழாக் குழுக்களும் கொடுத்த பட்டங்களால் சில கார்டுகளில் பெயருக்கே இடமிருக்காது. பட்டம் எதுவும் இல்லாமல், அரசு இசைப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பை முடித்துவிட்டு வரும் இளைஞர்களில் பிரமாதமாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பரம்பரையாக வாசிக்கும் குடும்பம் என்பதும் ஒரு நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

பேரம் தொடங்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "யார் யார் வருகிறீர்கள்?" ஒரு செட் என்றால் வழக்கமாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. ஒரு காலத்தில் சுருதிப் பெட்டியின் இடத்தில், சுருதிக்கென்றே இருக்கும் ஒத்து என்ற குழலை ஊத ஒருவர் உட்கார்ந்திருப்பார். இதில் முதல் நாதஸ்வரத்தின் பெயரை மட்டும் வைத்துத்தான் செட் விலைபோகிறது. மற்றவர்கள் அந்தந்த நாளுக்குச் சேர்பவர்களாகவும் இருக்கலாம், குறிப்பாகத் தவில்காரர்கள். ஆவணியிலும் தையிலும் பெரிய முகூர்த்த நாள் ஒன்று வந்தால் நல்ல தவிலுக்குப் பெரும் தட்டுப்பாடு. நாதஸ்வரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அன்று காலைதான் முகம் பார்த்த தவில் பக்கத்தில் இருந்தால், இரண்டும் தனித்தனியாகவே போகும்.

இன்னொன்றும் உண்டு. பெயர் பெற்ற வித்வான்கள் ஒரே நாளில் மூன்று இடங்களை ஒப்புக்கொள்வார்கள். ஓரிடத்துக்குத் தாம் போவார்கள். மற்ற இடங்களுக்குச் சீடர்களையோ தம்பியையோ அனுப்புவார்கள். 'செட் அனுப்புவது' என்று அதற்குப் பெயர். தொழிலில் எல்லாரும் அறிந்த வழக்கம் இது. முன்கூட்டியே சொன்னால் அதில் தவறில்லை, சீடர்களும் பிழைக்க வேண்டுமே. சொல்லாமல் அனுப்புவதுதான் வம்பு. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாத்தா ஒரு வித்வானின் வாசிப்பைக் கேட்பதற்காகவே வெளியூரிலிருந்து முதல் நாளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்து இறங்கியது செட். அந்தப் பிள்ளைகள் மோசமாக வாசிக்கவில்லை. ஆனால் தாத்தா எழுந்து போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார், தாலி கட்டும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். வித்வானிடம் பிறகு பேசியபோது, "நீங்கள் நான்தான் வர வேண்டும் என்று சொல்லவில்லையே" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இப்போதெல்லாம் வருபவர்களின் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

நல்ல கலைஞரைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை அதன் பிறகுதான் இருக்கிறது. நல்ல மேளத்தைக் கொண்டுவந்து கெட்ட இடத்தில் உட்கார வைத்தால் அது கெட்ட மேளமாகத்தான் கேட்கும்.

சீவாளியை எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தும் அந்தச் சிறிய துண்டு, காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணல் வகையிலிருந்து வருகிறது. நாள்பட உலர்த்திப் பதப்படுத்தி, திருவாவடுதுறையில் கையால் செய்கிறார்கள். வாத்தியத்தை அதற்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம். மரம் தாங்கும், சீவாளி தாங்காது. வெளியே வியர்வையும் புழுக்கமுமாக இருக்க, உள்ளே குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைக்கும் அளவில் ஓடினால், உதட்டில் பதமாக இருந்த சீவாளி விறைத்துக்கொள்ளும், சுருதி நழுவும். வாத்தியத்திலிருந்து நூலில் கொத்தாகத் தொங்குகின்றனவே, அவை அழகுக்கல்ல. மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும். மண்டபத்துக்கு முன்கூட்டியே வந்து, உட்கார்ந்து, இரண்டு மூன்று சீவாளிகளை மாற்றி ஊதிப் பார்க்கும் வித்வானைக் கண்டால் எனக்கு நிம்மதி. முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் வேனிலிருந்து இறங்குபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அன்றைக்கு வயிற்றில் புளி கரையும்.

அடுத்தது உட்காரும் இடம். இன்றைய மண்டபங்களைக் கட்டுபவர்களுக்கு மேளம் என்று ஒன்று உண்டு என்பதே நினைவிருப்பதில்லை. வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டு கட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து மணமேடை தெரியாது. கெட்டிமேளத்துக்கு வாத்தியார் விரலை அசைப்பார். அதே நொடியில் தவில் விழ வேண்டும். இடையில் மூன்று புகைப்படக்காரர்கள், ஒரு வீடியோக்காரர், அவருடைய விளக்கைப் பிடிக்கும் பையன். தவில்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. நான் மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது மேளம் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து மணமேடை தெரிகிறதா என்று பார்ப்பேன். மேலாளர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். தெரியவில்லை என்றால் எங்கள் பையன் ஒருவனை நடுவில் நிறுத்திக் கையை உயர்த்தச் சொல்வேன். இதிலும் ஒரு புதுத் தொல்லை வந்திருக்கிறது. படம் சரியாக விழவில்லை, தாலியை இன்னொரு முறை கட்டுவதுபோலப் பிடியுங்கள் என்று புகைப்படக்காரர் கேட்பார், விரல் அசையும், மறுபடியும் கெட்டிமேளம். ஒரு தவில்காரர் என்னிடம், "அம்மா, இரண்டு கல்யாணத்துக்கு ஒரே சம்பளமா?" என்று கேட்டார்.

ஒலிபெருக்கிக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். மூடிய கூடத்தில் அதற்கு ஒலிவாங்கி வைத்து, தவிலுக்கு இரண்டு வைத்து, எல்லாவற்றையும் உச்சத்தில் திருகிவிட்டு, "மேளம் காதைக் கிழிக்கிறது" என்று விருந்தினர்கள் சொல்லும்போது கலைஞரைக் கைகாட்டுவார்கள். பெரும்பாலான கூடங்களில் ஒலிவாங்கியை அணைத்தாலே போதும்.

டி.என். ராஜரத்தினம் பிள்ளை, 1947இல் தில்லியில் சுதந்திர விழாவில் வாசித்தவர், நாதஸ்வரக்காரரும் மற்ற வித்வான்களைப்போல மேடையில் சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பார் என்று பிடிவாதம் பிடித்தவர். மேடை கிடைத்துவிட்டது. ஆனால் கல்யாண மண்டபங்களில் இன்றும் மேளக்காரர்களுக்கு ஒதுக்கும் அறை பெரும்பாலும் காய்கறி மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்களுக்குக் குளிக்க வெந்நீர், முதல் பந்தியில் சாப்பாடு, முகூர்த்தம் முடிந்ததும் மீதிப் பணம் — இந்த மூன்றையும் நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். முகூர்த்தம் முடிந்த பிறகு பெண்ணின் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்பதால், மீதியை முதல் நாள் இரவே வாங்கி வைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு மாப்பிள்ளை அழைப்பில் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. பெண் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கியது, குழந்தைகள் அழ ஆரம்பித்தன. இன்னிசைக் குழு அன்று கிடையாது. வித்வான், ஐம்பது வயதுக்காரர், வெளியூர்களில் அதிகம் தெரியாதவர், என்னைக் கூப்பிட்டு, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். "சரி" என்று தோடி ராகத்தைத் தொடங்கினார். அவசரமே இல்லை. கீழ்ஸ்தாயியில் வெகுநேரம் இருந்தார். பேச்சு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. நடுவில் நிறுத்தி, கூட்டத்தில் இளைஞர்கள் அதிகம் இருந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்த ஒரு பழைய சினிமா மெட்டை எடுத்தார். அதிலிருந்து வழுக்கிக்கொண்டு மறுபடியும் ராகத்துக்குள் போய்விட்டார். பிறகு தவில்காரர்களைத் தனியாக வாசிக்கத் தனி ஆவர்த்தனத்துக்கு விட்டார். பஸ் வந்து சேர்ந்தபோது சிலர் இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவருடைய இரண்டு நிமிட வீடியோவை அதற்கு முன் மூன்று வீட்டார் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த வித்வான் இப்போது சம்பளத்தைச் சற்று உயர்த்திவிட்டார், உயர்த்தட்டும். நான் தொலைபேசியில் அழைத்தால் தேதியைக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்பது வேறு: எந்த மண்டபம், ஒலிபெருக்கி யார், காலையில் டிஜே உண்டா. சென்ற தை மாதம் புறவழிச் சாலையில் இருக்கும் ஒரு பெரிய மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் திட்டு கட்டியிருக்கும் மண்டபம்தான். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அங்கேயா அம்மா? அதற்குச் செட் அனுப்புகிறேன்" என்றார்.