தகப்பன் பெயர் தெரியாத கன்றுகள்

கால்நடை உதவி மருத்துவராகப் பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பணியாற்றிய ஆண்டுகளில், குறையோடு பிறந்த கன்றுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆசனவாய் இல்லாமல் வயிறு உப்பிக் கிடந்தவை, அண்ணம் பிளந்து குடித்த பால் மூக்கு வழியே வழிந்தவை, முன்னங்கால்கள் மடங்கியபடியே இறுகிப்போனவை எனப் பல வகை. வீட்டார் பெரும்பாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கிரகணத்தன்னைக்கு மாட்ட வெளிய கட்டிட்டோம் சார், அதனாலயா?" இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. வேறு எதனால் என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போதுதான் சிரமம் தொடங்கும்.

கால் மடங்கிப் பிறந்த கன்றைப் பார்த்தவுடன் பரம்பரைக் குறை என்று முடிவு கட்ட முடியாது. சினைக் காலத்தில் கடிபூச்சிகள் மூலம் பரவும் அகபானே வைரஸ் தாய் மாட்டைத் தொற்றினாலும் கன்று இதே தோற்றத்தில் பிறக்கும். தாய்க்கு வைட்டமின் ஏ மிகவும் குறைந்தால் கன்று குருடாகப் பிறக்கக்கூடும். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. அதற்குக் காரணம் கருப்பையில் இரண்டின் இரத்த ஓட்டமும் கலந்ததே தவிர, வழிவழியாக வந்த குறை எதுவுமில்லை. ஒரே காளைக்குப் பிறந்த கன்றுகளில், வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு தீவனத்திலும் அதே குறை திரும்பத் தோன்றினால்தான் மரபணுவின் மேல் சந்தேகம் வலுக்கும். அதற்குக் கன்றின் தகப்பன் எது என்று தெரிய வேண்டும். எங்கள் பகுதியில் பெரும்பாலும் கிடைக்காத தகவல் அதுதான்.

இக்குறைகளில் பல ஒடுங்கு பண்பாக வருபவை. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் கன்று பாதிக்கப்படும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கன்று நலமாக வளரும், ஆனால் அந்த மரபணுவைச் சுமந்திருக்கும். குறையோடு பிறந்த கன்று பெரும்பாலும் வாரிசின்றிச் செத்துவிடுவதால், குறையைப் பரப்புவது நோயுள்ள மாடு அன்று. எல்லோரும் விரும்பித் தேடும் சிறந்த காளைதான்.

அமெரிக்காவில் 1952இல் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்னும், ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்துக் காளை இதற்குப் பெயர்போன சான்று. பிளாட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வெள்ளணுக் குறைபாடு அதன் வம்சத்தில்தான் பரவியது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1992இல் கண்டறியப்பட்டபோது, சோதிக்கப்பட்ட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறக்குறைய 14 விழுக்காடு அதைச் சுமந்திருந்தன. 1962இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்களும் 5 லட்சம் பேத்திகளும் உண்டு. அதன் வழியே பரவிய ஒரு மரபணு மாற்றத்தால் உலகெங்கும் சுமார் 5.25 லட்சம் கருக்கள் சிதைந்திருக்கும் என்று 2016இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இத்தனைக்கும், அக்காளையால் கூடுதலாகக் கிடைத்த பாலின் மதிப்பு அந்த இழப்பைவிடப் பன்மடங்கு அதிகம். யாரும் வேண்டுமென்று கெடுதலைப் பரப்பவில்லை. பாலைத் தேடிப் போனவர்களுக்கு அதுவும் கூடவே வந்தது.

பிளாட் உள்ள கன்று நம் ஊரில் பிறந்தால் என்ன ஆகும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தும், அவை இரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து கிருமி இருக்கும் இடத்துக்குச் சென்று சேரா. வாய்ப்புண், கழிச்சல், சளிக்காய்ச்சல் மாறி மாறி வந்து, கன்று வளர்ச்சி குன்றி, பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்துபோகும். மருந்தகப் பதிவேட்டில் அது கழிச்சல் என்றோ நுரையீரல் அழற்சி என்றோதான் ஏறும். இன்னொரு ஹோல்ஸ்டீன் குறையான டம்ப்ஸில், பாதிக்கப்பட்ட கரு ஏறக்குறைய 40ஆம் நாளில் மடிந்துவிடும். மாட்டுக்காரருக்குத் தெரிவது, சினை ஊசி போட்டும் மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. சினை நிற்காத மாடுகளுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாது உப்புக் குறைவும் கருப்பை அழற்சியும் தவறான நேரத்தில் போட்ட ஊசியும் அவற்றுள் பெரும்பங்கு வகிக்கின்றன.

இந்தியாவில் உறைவிந்து நிலையங்களுக்கான நெறிமுறைப்படி, ஹோல்ஸ்டீன் காளைகளுக்கும் அவற்றின் கலப்பினக் காளைகளுக்கும் பிளாட், டம்ப்ஸ் போன்ற குறைகளுக்கான மரபணுச் சோதனை செய்யப்படுகிறது. ஆகவே ஊர்க் காளையைவிடச் சினை ஊசி பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே அறியப்பட்ட குறையை மட்டுமே சோதனை பிடிக்கும். மேலும், உறைவிந்து அடைத்த குச்சியில் அச்சிட்ட காளை எண் ஊசி போட்ட கையோடு குப்பைக்குப் போய்விட்டால், பின்னால் புதிதாக ஒரு குறை தெரியவந்தாலும் எந்த மாடுகள் அக்காளையின் மகள்கள் என்று தேட வழியில்லை. காரிமங்கலம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். தகப்பன் எது என்று கேட்டவரை நான் கண்டதில்லை. மாட்டின் காதில் 12 இலக்க அடையாள எண் கொண்ட தோடு வந்த பிறகு நிலைமை மாறக்கூடும். தோடு வெறும் எண்தான். சினை ஊசி விவரத்தை அதன்கீழ் பதிந்தால்தான் பயன்.

நாட்டு மாடுகளில் சிக்கல் வேறு மாதிரி. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடுகள் இப்போது மிகக் குறைவு. ஒரு பட்டிக்கு ஒரே பொலிகாளை பல ஆண்டுகள் நின்றால், அது தன் மகள்களோடும் சேரும். காளை ஒரு குறையைச் சுமந்திருந்தால் மகள்களில் பாதி அதைச் சுமக்கும். மகள்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றுக்கு அதே காளையால் பிறப்பவற்றில் எட்டில் ஒரு கன்று பாதிக்கப்பட வாய்ப்புண்டு. இதை ஒரு பட்டிக்காரரிடம் விளக்கியபோது, "இது போட்ட கன்னு ஒண்ணுகூடச் சோடை போகல சார்" என்றார். "முதல் தலைமுறையில தெரியாதுங்க பெரியவரே, மகளுக்குப் பொறக்கிற கன்னுலதான் தெரியும்" என்றேன். பதில் சொல்லாமல் காளையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விற்க மனமில்லை என்றும், மலைமேல் இருக்கும் மைத்துனர் பட்டிக் காளையோடு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அந்தக் காளை எங்கே பிறந்தது என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன். விசாரித்ததில், அதுவும் இந்தப் பட்டியிலிருந்தே கன்றாக ஓட்டிச் சென்றது என்று தெரிந்தது. வேறு ஊரில் காளை தேடினோம்.