மலைமேல் ஓர் அளம்

தாய்லாந்துக்கு வந்த முதல் வாரம், மளிகைக் கடையில் உப்பு கேட்டேன். கடைக்கார அம்மா சிரித்தார். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்து, பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் கேட்டது 'பயம்' என்பது பிறகுதான் தெரிந்தது. தாய் மொழியில் உப்புக்கும் பயத்துக்கும் நடுவே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே 'க்லுஆ' மாதிரிதான் வரும்.

ஊரின் பெயர் வேறு 'நான்'. வட தாய்லாந்தில், லாவோஸ் எல்லையை ஒட்டிய மாகாணம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. சக ஆசிரியை ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூத்தவர்களைப் 'பீ' என்று கூப்பிட வேண்டுமாம். மரியாதைச் சொல்தான், ஆனால் தமிழ் நாக்குக்கு எவ்வளவு கூசும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் அவரை எப்படியும் கூப்பிடாமலே ஓட்டினேன்.

கடைக் கதையைக் கேட்டுச் சிரித்த அவர்தான், பிப்ரவரியில் மாக பூஜை என்கிற பௌத்தத் திருநாள் விடுமுறைக்குப் போ க்லுஆவுக்கு அழைத்துப் போனார். 'போ' என்றால் கிணறு. உப்புக் கிணறு என்பதுதான் ஊர்ப் பெயர். புவா ஊரைத் தாண்டி, டோய் பூக்கா மலையைச் சுற்றி ஏறும் 1256ஆம் எண் சாலை. வளைவுகளில் என் வயிறு பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டாம்.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. எனக்கு உப்பு என்றால் கடல், பாத்தி, கண் கூசும் வெயில். இங்கே ஒரு சின்ன ஆறு, சுற்றிலும் காடு, ஆற்றோரம் கூரைக் கொட்டகைகள். கொட்டகைக்குள் புகை. பூமிக்கடியில் கிடக்கும் பழைய பாறை உப்பு நிலத்தடி நீரில் கரைந்து கிணற்றில் ஊறுகிறது. அதை மொண்டு, மண் அடுப்பின் மேல் அகலமான சட்டியில் ஊற்றி, விறகு வைத்து நாலைந்து மணி நேரம் காய்ச்சுகிறார்கள். உப்பு படியப் படிய அள்ளி, சட்டிக்கு மேலே தொங்கும் மூங்கில் கூடையில் போடுகிறார்கள். வடிகிற நீர் திரும்பவும் சட்டியிலேயே சொட்டுகிறது. ஒரு சொட்டு வீணில்லை. அப்பா பார்த்திருந்தால் விறகுச் செலவைத்தான் முதலில் கணக்குப் போட்டிருப்பார்.

ஒருகாலத்தில் இந்த உப்பு லாவோஸின் லுவாங் பிரபாங், இன்றைய தென் சீனாவில் இருக்கும் சிப்சாங் பன்னா வரை போனதாம். கடல் எட்டாத நாடுகள் அல்லவா! 15ஆம் நூற்றாண்டில், சியாங் மாயைத் தலைநகராகக் கொண்ட லான்னா நாட்டு அரசன் திலோகராஜ் நானைப் பிடித்ததற்கு இந்தக் கிணறுகளும் ஒரு காரணம் என்கிறார்கள். மலை உப்பில் அயோடின் இல்லை என்பதால், இப்போது அதைக் கலந்துதான் பையில் கட்டுகிறார்கள்.

அடுப்படியில் இருந்த பாட்டி, எங்கள் ஊரில் எப்படி உப்பு எடுப்பார்கள் என்று கேட்டார். பீ மொழிபெயர்த்தார். (ஆமாம், அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். வாந்தி எடுத்தபோது தண்ணீர் கொடுத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?) வெயில்தான் அடுப்பு, விறகே கிடையாது என்றேன். பாட்டி நம்பவில்லை. "மழை வந்தால்?" என்றார். ஐப்பசி மழை விழுந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும், தை வரை பாத்தி சும்மாதான் கிடக்கும் என்றேன். அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. இங்கேயும் மழைக்காலத்தில், பௌத்த விரத காலம் மூன்று மாதமும் அடுப்பு மூட்டுவதில்லையாம். "முவான் கான்" என்றார். ஒரே மாதிரி.

கிளம்பும்போது உப்பு வாங்கினேன். அந்தப் பாழாய்ப் போன சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டி தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்: குவிக்காதே. குவிக்காமல் சொன்ன பிறகுதான் உறைத்தது. அது நம் குற்றியலுகரம். 'உப்பு' என்கிறோமே, அதன் கடைசியில் உதடு குவியாமல் வருகிற அதே ஒலி. இத்தனை மாதம் அதைத்தான் வெளியே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவு ரசம் வைத்தேன். இந்த உப்பின் கை அளவு பிடிபடவில்லை, கரித்துவிட்டது. வெந்நீர் விட்டு விளாவிக் குடித்தேன்.