ஏழாம் மாதத்தில் கன்று விழுந்தபோது

எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு ஏழாம் மாதச் சினையில் கன்றை விழுத்திவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் புத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று, அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பிரச்சினை இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி. நெடுநேரம் கழித்துத்தான் விழுந்தது. விழுந்ததும் மாமி பழைய சாக்கோடு வந்துவிட்டார். இளங்கொடியைச் சாக்கில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். பால்மரத்தில் தொங்கினால் மாடு பால் சொரியுமாம். ஆனால் மிருக வைத்தியர் தொலைபேசியில் முதலில் சொன்னதே, "அக்கா, ஒருத்தரும் அதை வெறுங்கையால தொடாதேங்கோ, மரத்திலயும் கட்டாதேங்கோ" என்பதுதான்.

சினையின் பிற்பகுதியில் கன்று விழுந்தால் மனிதருக்கும் தொற்றக்கூடிய புரூசெல்லா பக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அது இருந்தால் இளங்கொடியிலும் கருப்பை நீரிலும்தான் மிகுதியாகக் குவிந்திருக்கும். சாக்கு சொட்டிய இடத்தில் மற்ற மாடு மேயும், கீழே விழுந்தால் நாய் அடுத்த வளவுக்கு இழுத்துப் போகும். மாமிக்கு மனம் ஆறவில்லை. "கண்டுதான் போச்சு, பாலும் போகோணுமோ பிள்ளை?" என்றார்.

புதைப்பதும் லேசாக இல்லை. செம்மண்ணில் கொஞ்சம் இறங்கினாலே சுண்ணாம்புக்கல் தட்டுகிற ஊர் இது. அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான் கிணற்றுக்கும் தண்ணீர் வருகிறது. அதனால் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி இடம் பார்த்து, என் வீட்டுக்காரர் கையுறை போட்டுக்கொண்டு கன்று, இளங்கொடி, நனைந்த வைக்கோல் எல்லாவற்றையும் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்.

வைத்தியர் வந்து பசுவின் கழுத்தில் இரத்தம் எடுத்தார். ரோஸ் பெங்கால் என்றொரு பரிசோதனை. இரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு சொட்டும் இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு சொட்டும் கலப்பார்கள். சில நிமிடங்களில் திரித்திரியாகத் திரண்டால் நோய்ச் சந்தேகம் வலுக்கும். எங்களுடையது திரளவில்லை. சரி, தப்பினோம் என்று நினைத்தால், இன்னும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். கன்று விழுந்த கையோடு எடுத்த இரத்தத்தில், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் தெரியாமலும் போகலாமாம்.

அந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய பாடு. பசுவைத் தனியாகக் கட்டினோம். கொட்டிலில் நின்ற மற்ற மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடிக்கத் தடையில்லை, நன்றாகக் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயில் அபிஷேகத்துக்கு நாங்கள் கொடுப்பது பச்சைப்பால். அதைத் தீர்த்தமாகக் கையில் வாங்கிக் குடிப்பவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐயரிடம் போய்க் காரணத்தைச் சொல்லி நிறுத்தினேன். ஊர் வாய்க்குப் பயந்து சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை.

எங்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருந்தது. மாலையில் ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, மூட்டு நோ வந்தால், வீட்டில் மாடு கன்று விழுத்தியதை டொக்டரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து தருவார்கள். மாட்டில் கருச்சிதைவை உண்டாக்குகிற இன்னொன்று எலிக்காய்ச்சல் கிருமி. 2024 டிசம்பரில் அந்தக் காய்ச்சலால் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போனதால், அதன் பெயரைக் கேட்டதுமே இவர் வெறுங்காலோடு கொட்டிலுக்குள் போவதை விட்டுவிட்டார்.

இரண்டாம் முறை எடுத்த இரத்தத்திலும் புரூசெல்லா இல்லை. அப்புறம்தான் மற்ற மாட்டின் நாகு கன்றுக்கு, அதாவது பெண் கன்றுக்கு, புரூசெல்லாவுக்கான எஸ்19 தடுப்பூசி போடும் பேச்சை எடுத்தோம். நாலு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடைப்பட்ட நாகுகளுக்குத்தான் அது. நாம்பன் என்கிற ஆண் மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. உயிருள்ள கிருமி என்பதால் ஊசி கையில் குத்தினால் மனிதருக்கும் நோய் வரலாம், அதை வைத்தியரே போட வேண்டும். போட்ட திகதியைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். தடுப்பூசியின் எதிர்ப்பொருள் பின்னாளில் பரிசோதனையில் நோய்போலத் தெரியலாம் என்பதால், விற்கிறபோது வாங்குகிறவரிடம் அந்தத் திகதியைக் கொடுக்க வேண்டும்.