தேய்ந்த பிரஷ்ஷுக்கும் வேலை இருக்கிறது

பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைவதுதான் என் தொழில். என் மேசையில் நிற்கும் பிரஷ்களில் பாதிக்கு மேல் முனை போனவை. வரையக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முனை விரிந்த பிரஷ்ஷை உடனே குப்பையில் போடும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை, ஏனென்றால் அதற்கான வேலையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

புது பிரஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கொலின்ஸ்கி பிரஷ், அதாவது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடியில் செய்தது, வயிறு நிறைய மையை வைத்துக்கொண்டு நுனியில் மயிரிழைக் கோடு விடும். ஒரு பெண்ணின் கழுத்து வளைவை ஒரே இழுப்பில் முடிக்க அதுதான் வேண்டும். ஆனால் நாங்கள் வரையும் இண்டியன் இங்க் என்ற கறுப்பு மையில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கொஞ்சமாக அது முடியைப் பிடித்திருக்கும் தகரக் குழலுக்குள் ஏறி உறைந்து, முடியை அடியிலிருந்தே விரித்துவிடும்.

சரி, கோட்டுக்கு ஆகாது. அதே பிரஷ்ஷை மையில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, சொரசொரப்பான தாளில் சாய்த்து இழுத்துப் பாருங்கள். கிழவியின் நரை, பனைமரத்தின் உடம்பு, காரை பெயர்ந்த சுவர் எல்லாம் தானாக வந்து விழும். இன்னும் தேய்ந்து மொட்டையானால் வேப்பமர இலைக்கூட்டத்தைக் குத்திக் குத்தியே எழுப்பலாம்.

மை தொட்டு வரையும் பேனா நிப்பும் இப்படித்தான். புதிதில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயால் மை ஒட்டாது. துடைத்து எடுத்து வரைய வரைய நம் கை பிடிக்கிற சாய்வுக்குத் தேய்ந்து வழிக்கு வரும். அதை அடுத்தவர் கையில் கொடுத்தால் தாளைக் கீறும்.

இன்னொன்றும் உண்டு. முன்பு நம் ஊர்க் கடைகளில் கீரிமுடி பிரஷ் சாதாரணமாகக் கிடைக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் இன்று அந்த வியாபாரம் குற்றம், அது சரியான சட்டமும்கூட. முடிக்குப் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது என்று தெரிந்தபின், பாதி தேய்ந்ததைத் தூக்கி எறிய எப்படிக் கை வரும்? இப்போது நான் வாங்குவது நைலான்தான். முனை சீக்கிரம் வளைந்துவிடுகிறது, வளைந்ததைப் புல் வரைய வைத்திருக்கிறேன்.

அவசர வேலைக்குக் கணினித் திரையில் வரையும் டேப்லெட்டும் உண்டு. அதிலும் ட்ரை பிரஷ், அதாவது மையைத் துடைத்துவிட்டு இழுக்கும் அந்தச் சொரசொரப்புக் கோடு, இருக்கிறது, ஆனால் உற்றுப் பார்த்தால் அதே கீறல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதனால் வண்ணத்தை மட்டும் அதில் போடுகிறேன், நரையையும் சுவரையும் தாளில்தான் இழுக்கிறேன்.