லேலேயின் அப்பா

அக்டோபர் 12

இந்தத் தேதியில்தான் செவ்வாய்க்காரன் ரோமில் வந்து இறங்குகிறான். வில்லா போர்கேசே பூங்காவில், குதிரை ஓட்டும் புல்வெளியில். இத்தாலிய எழுத்தாளர் என்னியோ ஃப்ளயானோ 1954-இல் எழுதிய கதை. கதையே நாட்குறிப்பாகத்தான் போகிறது. இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட மொழிபெயர்ப்பை இன்று தொடங்கிவிட்டேன். முதல் பத்தி முடிந்தது. குட்டி தூங்குகிறாள், நான் சமையலறை மேசையில்.

அக்டோபர் 13

குட்டிக்கு இன்று வலிப்பு வரவில்லை. நேற்றும் வரவில்லை.

அக்டோபர் 16

90-ஆம் எண் பேருந்தில் மோன்தே சாக்ரோ வரை போனோம். குட்டிக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், கிடைத்தது. இந்தப் பேட்டையில்தான் ஃப்ளயானோ குடும்பத்தோடு இருந்தார். மனைவி ரொசெத்தா கணக்கு படித்தவர். 1942-இல் மகள் பிறந்தாள். லுயீசா, வீட்டில் லேலே. எட்டாவது மாதத்தில் நோயின் முதல் அறிகுறிகள் தெரிந்தன. மூளையைத் தாக்கிய கடுமையான நோய், கடைசிவரை விடவில்லை.

எட்டு மாதம். அந்த வரியைத் தாண்டி நேற்று ராத்திரி என்னால் படிக்க முடியவில்லை.

பியாட்சா செம்பியோனேயில் இறங்கி ஆற்றுப் பாலம் வரை நடந்தோம். வெயில் நன்றாக இருந்தது. சரி, இந்த வெயிலுக்காகவாவது வந்தது நல்லது.

அக்டோபர் 19

மூளை அலைப் பரிசோதனை. எட்டரைக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே கால். பழைய கோப்பைக் காணோமாம். முதலில் இருந்து எல்லாவற்றையும் நானே சொன்னேன், எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்தக் கை முதலில் என்று. தட்டச்சு செய்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

குட்டியின் தலையில் கம்பி கம்பியாக ஒட்டினார்கள். "அம்மா, பூ வைக்கிறாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் பசை காய்ந்து முடியோடு இறுகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்து, பெரிய பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே மேலே வாரி எடுக்க வேண்டும். அடியில் இருந்து வாரினால் வலிக்கும். மூன்று முறை அலசியும் காதுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகத் துகள். அதைப் படுத்த பிறகு நகத்தால் எடுத்தேன்.

அக்டோபர் 20

ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

அக்டோபர் 24

அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஒரு சொல் வந்துவிடுகிறது: சோம்பேறி. ஒரே ஒரு முழு நாவல்தான் எழுதினார், மீதி வாழ்க்கையைப் பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் கொடுத்து வீணாக்கிவிட்டார் என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த ஒரு நாவல் எப்படி வந்தது? 1946 டிசம்பரில் பதிப்பாளர் லியோ லொங்கனேசி, மார்ச் தொடக்கத்துக்குள் ஒரு நாவல் தர முடியுமா என்று கேட்டார். இவர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம்! அந்த 1947-இலேயே, முதல் முதலாகக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரேகா இலக்கியப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. எத்தியோப்பியப் போருக்கு அவரே போயிருந்தார். நாவலில் ஒரு லெப்டினன்ட், பல்வலி, பல் வைத்தியரைத் தேடி முகாமை விட்டுக் கிளம்புகிறான், குறுக்கு வழி என்று நினைத்து ஒரு பாதையில் இறங்குகிறான். வழியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், அவள் சாவுக்குக் காரணமாகிறான். அத்தனை பெரிய குற்றம் ஒரு பல்வலியில் இருந்து தொடங்குகிறது. தன் நாடு செய்த போரை 1947-இலேயே இப்படித் திருப்பிப் பார்த்தவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

இன்னொன்று. அந்த மூன்று மாதமும் வீட்டில் நான்கு வயது லேலே இருந்தாள். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அக்டோபர் 27

விடியற்காலை மூன்றே முக்கால். ஒரு நிமிடம் நாற்பது நொடி. இடது கை.

என் கணவர் இரவு வேலையில். ஃபோன் செய்யவில்லை, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று.

அக்டோபர் 30

வியா வெனெத்தோ வழியாக வந்தேன், மருந்து வாங்கிக்கொண்டு. மேட்டுத் தெரு. மூச்சு வாங்குகிறது. "லா தோல்சே வீத்தா" படத்தில் வரும் தெரு சமதளம், ஏனென்றால் அது சினெசித்தா ஸ்டுடியோவில் போட்ட செட். இயக்குநர் ஃபெலினி, துல்லியோ பினெல்லி, ஃப்ளயானோ, மூவரும் 1958-இல் உட்கார்ந்து அந்தக் கதையை உருவாக்கினார்கள். பிரபலங்களைத் துரத்தும் புகைப்படக்காரனுக்கு ஒரு பெயர் வேண்டும். ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கிலேயர் தென் இத்தாலியில் பயணம் செய்து எழுதிய புத்தகத்தைப் புரட்டியபோது பெயர் கிடைத்தது என்று ஃப்ளயானோவே குறித்துவைத்திருக்கிறார். கதன்சாரோ ஊரில் ஹோட்டல் நடத்தியவர், பாப்பராட்சோ. இன்று உலகம் முழுக்க அந்த மாதிரிப் புகைப்படக்காரர்களுக்கு அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஃப்ளயானோவுக்கு அந்த உலகம் உள்ளே இருந்தே தெரியும். போருக்கு முன்பே வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம், அப்புறம் நாடக விமர்சனம். 1949-இல் மாரியோ பன்னுன்சியோ "இல் மோந்தோ" வார இதழைத் தொடங்கியபோது ஆசிரியர் குழுவில் முக்கியமான ஆள். பகலில் பத்திரிகை, அதோடு பிறர் எடுக்கும் படங்களுக்குத் திரைக்கதை. ஆஸ்கருக்கு மூன்று முறை பெயர் போனது. 1965-க்குப் பிறகு ஃபெலினியோடு சேர்ந்து எழுதவில்லை.

இரண்டு வரி, மூன்று வரிக் குறிப்புகளாக எழுதிச் சேர்த்தாரே, நான் அவற்றை வேறு மாதிரிப் படிக்கிறேன். ராத்திரி எழுந்து எழுந்து போகிற வீட்டில் அந்த நீளத்துக்குத்தான் எழுத முடியும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் உள்ளறையில் சத்தம் கேட்கும். எனக்குத் தெரியும்.

நவம்பர் 1

மருந்தளவைக் கூட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்கத் தூக்கம்.

நவம்பர் 5

செவ்வாய்க்காரனை முதலில் ஊரே கொண்டாடுகிறது. அப்புறம் பழகிப்போகிறது. கடைசியில், ஜனவரியில், தெருவில் போகிறவனைப் பின்னால் இருந்து கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். ரோமாபுரிப் பேச்சில் ஒரே ஒரு விளி. அதற்குத் தமிழில் என்ன போடுவது? "ஏய் செவ்வாய்க்காரா" என்றால் நாடக மேடை. "டேய் செவ்வாய்" என்றால் சரியான அலட்சியம் வருகிறது, ஆனால் கிழமை ஞாபகம் வந்துவிடும். நான்கு நாளாக இதே யோசனை, பாத்திரம் கழுவும்போதும்.

இந்தக் கதையை அவரே நாடகமாக்கினார். 1960 நவம்பரில் மிலானில் நடிகர் வித்தோரியோ கஸ்மன் மேடையேற்றினார், கூட்டம் கூச்சல் போட்டுக் கவிழ்த்தது. ஊர் கைவிட்ட ஒருவனின் கதையை எழுதிவிட்டு, அதே மாதிரி நின்றிருக்கிறார்.

நவம்பர் 9

இதை எழுதாமல் தூங்க முடியாது.

அதே 1960-இல் ஒரு படத்துக்கு யோசனை எழுதிவைத்திருந்தார். இயேசு மறுபடி பூமிக்கு வருகிறார். பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் மொய்க்கிறார்கள். அவர் கண்ணுக்கு நோயாளிகளும் கடைசி வரிசை ஆட்களும்தான் தெரிகிறார்கள். ஒருவன் நோயுற்ற தன் மகளைக் கொண்டுவருகிறான். இவளைக் குணமாக்க வேண்டாம், இவளை நேசித்தால் போதும் என்கிறான். இயேசு அந்தப் பெண்ணை முத்தமிடுகிறார், என்னால் தர முடிந்ததைத்தான் இவன் கேட்டான் என்கிறார். பிறகு ஒளியில் மறைந்துபோகிறார். அற்புதங்களைப் பற்றிப் பேச ஜனங்களும், அதை எழுதப் பத்திரிகைக்காரர்களும் மிஞ்சுகிறார்கள்.

அப்போது லேலேவுக்குப் பதினெட்டு வயது.

நான் இதுவரை குணமாக்கு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இன்றும் அதைத்தான் கேட்டேன். வேறு மாதிரி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 14

முடிவு வந்தது. மருத்துவர் சொன்னது ஒரே சொல்: "வெத்ரேமோ". பார்ப்போம். மூன்று மாதம் கழித்து மறுபடி பசை, மறுபடி கம்பி.

என் கணவர் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 15

"டேய் செவ்வாய்" என்றே போட்டுவிட்டேன். இருக்கட்டும்.

நவம்பர் 18

1972-இல், நவம்பர் 20 அன்று அவர் காலமானார், 62 வயது. லேலே 1992 வரை இருந்தாள், ரொசெத்தா 2003 வரை. மூவரும் மக்கரேசே கல்லறையில் ஒன்றாக இருக்கிறார்கள். தெர்மினியில் இருந்து ரயில் இருக்கிறது. திங்கட்கிழமை குட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு.

பூக்கடையில் செவ்வந்திச் சட்டி ஒன்று வாங்கினேன், மஞ்சள். கீழ் வீட்டு அம்மா பார்த்துவிட்டுப் பதறிப்போனார். இங்கே செவ்வந்தி இறந்தவர்களுக்கு மட்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாதாம். குட்டிக்கோ அதன் மேல் ஆசை, ஒவ்வொரு இதழாகத் தொட்டுப் பார்க்கிறாள். பால்கனியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 20

குட்டிக்குக் காய்ச்சல், 38.9. போகவில்லை. பூவுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.